ஒன்பதாவது துண்டு தட்டியது

பொழுது சாய்கிற நேரத்தில் ஒரு சுவரில் காதை ஒட்டவைத்துக்கொண்டு நின்றிருந்தேன்.

பகல் முழுக்க வெயில் குடித்த சுவர். காய்ச்சல் அடிக்கிற குழந்தையின் கன்னம் மாதிரி காதில் சுட்டது. கிழக்கே கடல், மேற்கே பழவேற்காடு ஏரி, நடுவில் நீளமாக ஒரு மணல் திட்டு. அதில் ஒரு மீனவர் ஊர். ஊரின் கடைசியில் சின்னதாய் ஒரு பள்ளிக்கூடம். பள்ளிக்கூடத்துக்கும் கடலுக்கும் குறுக்கே நான் டிசைன் செய்த சுவர். சுற்றிலும் ஆள் இல்லை. கருவாட்டு வாடை மட்டும் இருந்தது.

காற்று இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் "அது காத்தா இருக்கும்யா" என்று கடிதம் போட வேண்டாம். பள்ளிக்கூடத்துக் கொடிக்கம்பத்துக் கயிறுகூட அசையவில்லை.

"டொக்."

சுவருக்கு உள்ளேயிருந்து.

காதை எடுத்தேன். மறுபடியும் வைத்தேன். பல்வலிக்காரன் நாக்கால் அதே பல்லைத்தானே தடவுவான்.

"டொக். டொக்."

இருபத்தைந்து வருஷமாகச் சுவர் கட்டுகிற ஆள் நான். அந்த நேரத்தில் என் வாயிலிருந்து வந்த ஒரு வார்த்தையை இன்றுவரை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. இந்த வாரம் இதைப் படித்துத்தான் அவளுக்குத் தெரியப்போகிறது.

"யாரு?" என்று கேட்டேன். சுவரைப் பார்த்து.

சுவர் கொஞ்சம் யோசித்த மாதிரி இருந்தது. பிறகு, "டொக்."

அதற்குப் பிறகு நடந்ததை விரிவாக எழுத ஆசைதான். ஆனால் அடுத்து சுய நினைவு வந்தபோது நான் படகுத்துறையில் இருந்தேன். நடுவில் நடந்தது எதுவும் எனக்குத் தெரியாது. மூச்சு வாங்கியது. வலது காலில் செருப்பு இருந்தது. இடது காலில் இல்லை.

தனியாக நிற்கிறவன் கதை

பயந்தாங்கொள்ளி ஒருவன் எதற்கு அங்கே போனான் என்று தெரிய வேண்டுமானால், சுவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கொட்டாவி வராமல் சொல்கிறேன்.

வீட்டுச் சுவருக்கு ஒரு கவலையும் இல்லை. இரண்டு பக்கமும் மற்ற சுவர்கள் தோள் கொடுக்கும். தலைக்கு மேல் தளம் உட்கார்ந்து பிடித்துக்கொள்ளும். கூட்டுக் குடும்பம் அது. காம்பவுண்டு சுவரோ தனிக்கட்டை. கூரையும் இல்லை, அண்ணன் தம்பியும் இல்லை. காற்று தள்ளினால் சொந்தக் கால்தான்.

கல்லும் கலவையும் எவ்வளவு அழுத்தினாலும் தாங்கும். பிரித்து இழுத்தால்தான் தாங்காது. காற்று ஒரு பக்கத்திலிருந்து தள்ளும்போது, அந்தப் பக்கத்து அடியில் பிளாக்குகள் பிரிந்து வாய் திறக்கப் பார்க்கும். அந்த வாயைத் திறக்கவிடாமல் பிடிப்பது கம்பி. அஸ்திவாரத்தில் புதைத்த கம்பி, ஹாலோ பிளாக்கின் பொந்து வழியாக மேலே ஏறும். பொந்தில் சின்ன ஜல்லி கான்கிரீட்டை ஊற்றி நிரப்பினால் கம்பியும் பிளாக்கும் ஒரே உடம்பாகிவிடும். நிரப்பாமல் விட்டால் அந்தக் கம்பி உள்ளே வந்து நிற்கிற விருந்தாளிதான். சுவர் விழும்போது அது வேடிக்கை பார்க்கும்.

இந்த ஒரு விஷயத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறந்துபோனேன்.

என் முதல் சுவர் பொன்னேரியில் என் மாமனார் வீட்டுக் காம்பவுண்டு. கல்யாணப் பரபரப்பில் கம்பியில்லாமல் ஒற்றைச் செங்கல்லில் எழுப்பியது. தாலி கட்டிய நாலாம் நாள், மழை விட்ட ஒரு காலையில், அது மாமனாரின் ஸ்கூட்டர் மேல் படுத்துக்கொண்டது. பெண்ணைக் கொடுத்தாகிவிட்டது, அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

நான் அப்போது வாசலில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் மறக்காதது என்னவென்றால், அந்தச் சுவர் விழுந்தபோது சத்தமே இல்லை. கதவு சாத்துகிற மாதிரி முழுசாகச் சாய்ந்தது. தரையைத் தொட்ட பிறகுதான் சத்தம் வந்தது. கீழே ஆள் இருந்திருந்தால் அந்தச் சத்தம் அவருக்குக் கேட்டிருக்காது.

பன்னிரண்டு வீட்டுப் பாடு

மணல் திட்டு ஊரின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அப்புறம் அங்கே எனக்கு மடவை மீன் வறுவல் கிடைக்காது. பசியாவரத்தைத் தாண்டிப் படகில் போக வேண்டிய ஊர், அவ்வளவு போதும்.

கடல் காற்று மணலை வாரிப் பள்ளிக்கூடத்துக்குள் கொட்டியது. சோற்றில் மணல், நோட்டில் மணல், வாத்தியார் தலையில் மணல். ஏழடி உயரத்துக்குச் சுவர் வேண்டும் என்றார்கள். நான் பன்னிரண்டு துண்டாகப் பிரித்து டிசைன் போட்டேன். வெயிலில் சுவர் விரியும், குளிரில் சுருங்கும். அதனால் துண்டுக்குத் துண்டு விரல்கடை இடைவெளி விட வேண்டும். ஒரு துண்டு தள்ளாடினால் பக்கத்துத் துண்டு கை கொடுக்காது. ஒவ்வொன்றும் தனிக்கட்டை.

மீஞ்சூரிலிருந்து முனுசாமி கொத்தனார் வந்து பிளாக் அடுக்கினார். பொந்துகளில் கான்கிரீட் நிரப்புகிற வேலையை ஊர்க்காரர்களே செய்வதாக ஒப்புக்கொண்டார்கள். யார், என்றைக்கு என்பதில்தான் இழுபறி. அங்கேதான் என் மூளை வேலை செய்தது. அது வேலை செய்கிற நாட்களில் எல்லாம் எனக்கு ஏதாவது ஆகும்.

அந்த ஊரில் ஏரியில் முறை வைத்துத்தான் மீன் பிடிக்கிறார்கள். எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டலாம் என்று கணக்கு. பாடு என்று அதற்குப் பெயர். உன் பாடு வருகிற நாளில் உன் இடத்தில் இன்னொருவன் வலையை நனைக்க மாட்டான்.

"அதே மாதிரி சுவத்துக்கும் பாடு போட்டுக்கோங்களேன்," என்றேன். "பன்னெண்டு துண்டு, பன்னெண்டு வீடு. ஒரு நாளைக்கு ஒரு வீடு."

ஊர்த் தலைவர் கோதண்டம் என் தோளில் தட்டினார். "எங்க நைனா காலத்துலேர்ந்து எத்தினியோ ஆபீசர் வந்து போயிட்டான். எங்க முறையை மதிச்சவன் நீ ஒருத்தன்தான் சார்."

பூரித்துப்போனேன். நான்கு நாள் கூடவே இருந்தேன். இரும்புச் சட்டியில் கான்கிரீட்டை ஏற்றி மேலிருந்து ஊற்றுவதும், நீளக் கழியால் குத்திக் குத்தி இறக்குவதும், அடிப் பிளாக்கில் விட்டிருந்த சின்ன வாய் வழியாகக் கான்கிரீட் எட்டிப் பார்த்ததும் "வந்துச்சு, வந்துச்சு" என்று கூச்சல் போடுவதும். பிரமாதமாக நடந்தது. அதன் பிறகு நான் ஊர் திரும்பிவிட்டேன். வேறு வேலை இருந்தது என்று எழுத ஆசை. உண்மையில், படகு என்றாலே எனக்குப் பயம். நீச்சல் தெரியாது.

இரண்டு வாரம் கழித்துப் போனபோது சுவர் மாப்பிள்ளை மாதிரி நின்றது. தலையில் மூடிப் பலகை போட்டாயிற்று. அடி வாய்களை முனுசாமி அடைத்துப் பூசியிருந்தார். சுற்றி வந்தேன், கையெழுத்துப் போட்டேன். தட்டிப் பார்க்கவில்லை. வறுவல் ஆறிக்கொண்டிருந்தது.

"செவுரு தட்டுது சார்"

ஐப்பசி பிறந்த சமயம் கோதண்டம் போன் செய்தார்.

"சார், செவுரு தட்டுது."

"தட்டினா தொறந்து விடுங்க தலைவரே."

"சிரிக்காத சார். சாயங்காலம் ஆனா ஒம்போதாம் துண்டு உள்ளேர்ந்து டொக்கு டொக்குங்குது. பொம்பளைங்க அந்தப் பக்கம் போறதில்ல. புள்ளைங்க காலைல செவுத்து நெழல்ல உக்காந்துதான் துன்னும், இப்ப எல்லாம் வெயில்ல போயி உக்காருது. நீ வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ."

போனேன். ஊரைக் கூட்டி வைத்து முழங்கினேன். சூடு, விரிவு, சுருக்கம், காற்றழுத்தம் என்று எனக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் கலந்து அடித்தேன். முடிவில் மார்பில் கை வைத்து, "நாளைக்குக் காலைல புள்ளைங்களை அதே நெழல்ல உட்கார வையுங்க. என் பொறுப்பு," என்றேன்.

கைதட்டல்கூட வந்தது.

படகுக்கு நேரம் இருந்தது. பயமில்லை என்று காட்டத் தனியாகச் சுவர்ப் பக்கம் நடந்தேன். பிறகு என்ன ஆனது என்பது உங்களுக்குத் தெரியும்.

தெரியாத ஒன்றையும் சொல்கிறேன். படகில் ஏறும்போது கோதண்டம் துறையில்தான் நின்றிருந்தார். "இன்னா சார், ஒத்தச் செருப்போட?" என்று கேட்டார். நாளைக்குப் பிள்ளைகளை அங்கே உட்கார வைக்க வேண்டாம் என்று நான் அப்போதே சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஊரைக் கூட்டி வைத்து முழங்கிய வாய் வெட்கப்பட்டது.

"மணல்ல பொதைஞ்சிடுச்சு தலைவரே," என்றேன்.

டம்ளருக்குள் கரண்டி

மறுநாள் காலை பொன்னேரியில் என் வீட்டு அடுக்களை வாசலில் உட்கார்ந்திருந்தேன். தூக்கமில்லாத கண். மனைவி எனக்குக் கேழ்வரகுக் கூழ் கரைத்துக்கொண்டிருந்தாள். நீள எவர்சில்வர் டம்ளர், நீளக் கரண்டி. காலி டம்ளரில் கரண்டியைப் போட்டாள்.

"டொக்."

விலுக்கென்று நிமிர்ந்தேன். அவள் பானையை எடுக்கத் திரும்பும்போது சேலைத் தலைப்பு டம்ளரில் பட்டது. அது லேசாய் ஆடியது.

"டொக். டொக்."

பிறகு கூழை ஊற்றினாள். கரண்டி அதே டம்ளரில்தான் நின்றது. கெட்டிக் கூழ். டம்ளரை எடுத்து என் கையில் கொடுத்தாள். கரண்டி ஒரு சத்தமும் போடவில்லை.

கூழையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, பூச்சி கீச்சி கெடக்குதா?" என்றாள்.

பொந்து காலி. உள்ளே கம்பி மட்டும் தனியாக நிற்கிறது. சுவர் அசைகிறபோதெல்லாம் கம்பி பிளாக்கில் இடிக்கிறது. அப்படியானால் ஒன்பதாம் துண்டு வெறும் கல் அடுக்கு. என் மாமனார் வீட்டுச் சுவரைவிட இரண்டடி உயரம். அதன் அடியில்தான் இன்றைக்குக் காலையில், என் பொறுப்பில், பிள்ளைகள் தட்டு வைத்து உட்காரப் போகிறார்கள்.

போன் போட்டேன். அந்தத் திட்டில் சிக்னல் கிடைப்பது கோதண்டத்தின் போனுக்கு மட்டும்தான், அதுவும் அவர் படகில் கரையோரம் இருந்தால். அடித்து அடித்து ஓய்ந்தது. பஸ்ஸில் டிரைவர் ரேடியோ வைத்திருந்தார். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று ஒரு பெண் குரல், கல்யாணத்துக்கு அழைக்கிற மாதிரி இனிமையாகச் சொன்னது.

பேயாவே இருக்கட்டும்

படகில் ஏறினேன். வழக்கம்போல் பலகையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளவில்லை என்பதே பிறகுதான் உறைத்தது. ஒரு பயம் இன்னொரு பயத்தைத் தின்றுவிடும் போலிருக்கிறது.

ஏரி கண்ணாடி மாதிரி இல்லை. மயிர்க்கூச்செறிந்த தோல் மாதிரி இருந்தது. ஆழமில்லாத ஓரத்தில், சீசனுக்கு முன்னாலேயே வந்துவிட்ட நாலைந்து பூநாரைகள் ஒற்றைக் காலில் நின்றன. அந்தக் காற்றில். ஒரு ஆட்டம் இல்லை. அவற்றை யார் டிசைன் செய்தார்களோ, அவர் தட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

நான் வேண்டிக்கொண்டேன். என்ன வேண்டிக்கொண்டேன் தெரியுமா? "ஆத்தா, அது பேயாவே இருக்கட்டும். ரத்தம் குடிக்கிற பேயா இருந்தாலும் பரவாயில்லை. கம்பியா மட்டும் இருக்கக் கூடாது." பேய் வேண்டும் என்று சாமியிடம் கெஞ்சிய முதல் இன்ஜினியர் நானாகத்தான் இருப்பேன். பேய் என்றால் ஊர்க் கஷ்டம். கம்பி என்றால் என் கையெழுத்து.

இறங்கி மணலில் ஓடினேன். தூரத்திலேயே தெரிந்தது. பிள்ளைகள் வரிசையாகச் சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டு உப்புமா தின்றார்கள். இன்ஜினியர் சார் சொல்லிவிட்டாரல்லவா. கோதண்டம் இடுப்பில் கை வைத்து மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். கடல் பக்கமிருந்து காற்று விட்டு விட்டு மோதியது. ஒவ்வொரு மோதலுக்கும், இவ்வளவு தொலைவில், எனக்கு மட்டும் "டொக்" என்று கேட்டது.

"எழுந்திருங்க!" என்று கத்தினேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. சில பிள்ளைகள் மரியாதையாக வணக்கம் வைத்தார்கள்.

கவிழ்ப்பு விசை, இழுவிசை என்று பாடம் எடுக்க நேரமில்லை. வாய் தானாகவே முடிவு செய்தது.

"பேய்! பேய் வருது! ஓடுங்க! செவுத்துலேர்ந்து வருது!"

கண் இமைக்கிற நேரம். தட்டுகள் மட்டும் இருந்தன. ஒரு தட்டு இன்னும் சுழன்றுகொண்டிருந்தது. கோதண்டமும் ஓடிவிட்டார். பிள்ளைகளுக்கு முன்னால் ஓடினாரா பின்னால் ஓடினாரா என்று நான் எழுதப்போவதில்லை, அவர் இந்த வார இதழைத் தவறாமல் வாங்குகிறவர்.

யாருமில்லாத சுவர் அடியில் என் இடது செருப்பு இருந்தது. மணல் தட்டி, சுத்தமாக, சுவரை ஒட்டி, கோயில் வாசலில் விடுகிற மாதிரி நேராக வைக்கப்பட்டிருந்தது.



போன பாடு போனதுதான்

பையிலிருந்து பத்து ரூபாய் நாணயத்தை எடுத்துத் தட்டிக்கொண்டே போனேன். முதல் துண்டு: தட், தட். இரண்டு, மூன்று, எட்டு வரை தேங்காய்ப் பருப்பு மாதிரி கெட்டி. ஒன்பதில் வைத்தேன்.

"டங்."

மேலிருந்து கீழ் வரை, ஒரு பொந்து விடாமல் காலி. பத்தில் மறுபடியும் தட், தட்.

மெதுவாகத் திரும்பி வந்த கோதண்டத்தைப் பிடித்தேன். "ஒன்பதை ஏன் நிரப்பலை?"

"அது ஏழுமலை பாடு சார்."

"ஏழுமலை ஏன் நிரப்பலை?"

"செத்துட்டான் சார்."

அவர் சொன்னது இவ்வளவுதான். ஒன்பதாம் நாள் ஏழுமலை வீட்டு முறை. விடியலில் போய் வலையை இழுத்துவிட்டு வந்து கான்கிரீட் ஊற்றுகிறேன் என்று போனவர், படகில் உட்கார்ந்தபடியே இறந்துபோனார். படகு தானாக மிதந்து வந்து கரையில் தட்டியது. அன்றைக்கு ஊரில் ஒரு வேலையும் நடக்கவில்லை. மறுநாள் பத்தாம் வீடு வந்தது, பத்தாம் துண்டை நிரப்பியது.

"விட்டுப்போன ஒன்பதை யாராவது நிரப்பியிருக்கலாமே தலைவரே?"

நான் என்னவோ அசிங்கமாகக் கேட்டுவிட்ட மாதிரி பார்த்தார். "அடுத்தவன் பாட்டுல எப்பிடி சார் கை வெக்கிறது? போன பாடு போனதுதான். நீதான சார் சொன்ன, ஏரி மாதிரியே பண்ணிக்கோன்னு?"

ஏரியில் ஒருவன் பாடு தவறினால் அன்றைக்கு அந்த இடத்து மீன் பிழைத்துக்கொள்ளும். அதற்குமேல் ஒன்றும் ஆகாது. சுவரில் தவறினால் என்ன ஆகும் என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டியவன் நான். முறையைக் கடன் வாங்கினேன். அந்த முறைக்குள் என்னென்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. முனுசாமியும் உள்ளே பார்க்காமல் எண்ணிக்கைப்படி பன்னிரண்டு துண்டின் வாயையும் அடைத்துவிட்டுப் போய்விட்டார்.

"இப்ப நிரப்பணும். இன்னைக்கே. புயல் வருது."

"ஏழுமலை வூட்டு ஆளு வந்து மொதச் சட்டி ஊத்தணும். இல்லாகாட்டி ஒருத்தனும் தொட மாட்டான்."

"வீட்டுல யாரு?"

கோதண்டம் சுவரைப் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம், கடல் பக்கம், ஒரு குரல் வந்தது.

"நான்தான்."

சத்தியமாக அரையடி குதித்தேன்.

எல்லம்மா

சுவரைச் சுற்றி வந்தார். நாற்பது வயது இருக்கும். மீன் கூடை இடுப்பில். ஏழுமலையின் மனைவி எல்லம்மா.

"நேத்தி யாருன்னு கேட்டியே சார், நான் பதில் சொல்றதுக்குள்ள ஓடிட்டியே. செருப்பை எடுத்து வெச்சேன், பார்த்தியா?"

"நீங்க… அங்கேதான் இருந்தீங்களா?"

"தினம் வருவேன். அந்தாண்டை உக்காருவேன்."

ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷம் பொங்கியது. "அப்போ தட்டினது நீங்கதானா?"

"நான் ஏன் சார் தட்டுறேன்? நான் கேக்க வந்தவ."

மதியத்துக்குள் சவுக்குக் கழிகளைக் கொண்டுவந்து இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்தோம். சிமெண்ட்டோடு படகில் வந்து இறங்கிய முனுசாமி என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மூடிப் பலகையைப் பெயர்த்தார். அடி வாய்களை உடைத்துத் திறந்தார். உள்ளே இருட்டு. அந்த இருட்டிலிருந்து குளிர்ந்த காற்று ஒன்று வந்து என் கணுக்காலைத் தொட்டுவிட்டுப் போனது.

கான்கிரீட் தயார். எல்லம்மா சட்டியைத் தொடவில்லை.

"இதை ஊத்தினா, தட்டுறது நின்னுடுமா சார்?"

என்னிடம் எல்லாக் கேள்விக்கும் ஒரு ஜோக் இருக்கும். சாவு வீட்டில்கூட அடக்க முடியாமல் அடி வாங்கியிருக்கிறேன். அந்த இடத்தில் ஒன்றும் வரவில்லை.

"நின்னுடும்," என்றேன். "அது வெறும் கம்பிம்மா. உள்ள காலியா இருக்கு, அதனால ஆடுது. இப்பிடியே விட்டா சுவர் புள்ளைங்க மேல விழும்."

எல்லம்மா குனிந்து, ஒரு சின்ன வாய்க்குள் கையை விட்டார். முழங்கை வரை போனது. கம்பியை லேசாக அசைத்தார். டொக். கூட்டத்தில் இரண்டு பேர் பின்னால் நகர்ந்தார்கள்.

"கம்பின்னு எனக்குத் தெரியாதா சார்?" கையை வெளியே எடுக்காமலே சொன்னார். "கொத்தனாருக்கு ஒத்தாசையா நின்னு இந்தத் துண்டுக்குக் கம்பி கட்டினதே அவருதான். முடிச்சு வலை முடிச்சு மாதிரி போட்டுக் கீறாரு, தொட்டுப் பாரு. கொத்தனாரு போடுற முடிச்சு இல்ல."

நான் மணலில் முட்டி போட்டு உட்கார்ந்து பக்கத்து வாயில் கையை விட்டேன். இருட்டில் விரலுக்குத் தட்டுப்பட்டது. அஸ்திவாரக் கம்பியும் மேல் கம்பியும் சேர்கிற இடத்தில், கட்டுக் கம்பியை இரட்டைச் சுற்றாகச் சுற்றி, நடுவில் ஒரு கண்ணி. அந்த மாதிரி முடிச்சை எந்த வேலையிடத்திலும் நான் பார்த்ததில்லை.

"கேட்டுக்கினு உக்காந்திருப்பேன். அவ்ளோதான். யாரையும் பயமுறுத்தணும்னு இல்ல." கையை எடுத்து முந்தானையில் துருவைத் துடைத்தார். "அது புள்ளைங்க மேல வுழும்னு எனக்குத் தெரியாது சார். தெரிஞ்சிருந்தா எப்பவோ சொல்லியிருப்பேன்."

அதைச் சொல்லியிருக்க வேண்டியவன் யார் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பிறகு சட்டியைத் தூக்கினார். சாரத்தில் ஏறினார். முதல் சட்டி உள்ளே இறங்கிய சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. மேலிருந்து கீழே போய், அடியில் தொப்பென்று உட்கார்ந்தது. பன்னிரண்டாவது சட்டியோ பதின்மூன்றாவதோ, கடைசிப் பொந்தின் அடி வாயிலும் கான்கிரீட் எட்டிப் பார்த்தது. யாரும் "வந்துச்சு" என்று கத்தவில்லை.

எல்லம்மா மேலேயிருந்து பொந்தைப் பார்த்து, எங்களுக்குக் கேட்கிற குரலிலேயே சொன்னார். "முடிஞ்சுதுய்யா. உன் மொறை முடிஞ்சுது. போய் உக்காரு."

தை மாதம்

புயல் வந்தது. பொன்னேரியில் நான் ஜன்னலோரம் உட்கார்ந்து இரண்டு ராத்திரி காற்றை வைதேன். பள்ளிக்கூடத்து ஓடுகள் பாதி போயின. கொடிக்கம்பம் போனது. முட்டுக் கழிகளோடு சுவர் நின்றது.

தை பிறந்து போனேன். சுவர் நிழலில் பிள்ளைகள் சிந்திவிட்டுப் போன உப்புமாவைக் காக்கைகள் பொறுக்கிக்கொண்டிருந்தன. என்னைப் பார்த்ததும் ஒரு சின்னப் பெண், "பேய் சார் வந்துட்டாரு" என்று கத்திக்கொண்டு ஓடினாள். அந்த ஊரில் எனக்கு இனி அதுதான் பெயர். கையெழுத்துக்குக் கீழே போட்டுக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன்.

வேண்டுமென்றே பொழுது சாயும்வரை காத்திருந்தேன். நாணயத்தை எடுத்துக்கொண்டு ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை தட்டினேன். எல்லாம் தட், தட். இப்போது எந்தச் சுவரைப் பார்த்தாலும் தட்டுகிறேன். கல்யாண மண்டபத்தில், வங்கியில், போன மாதம் ஆஸ்பத்திரியில். ஆட்கள் நகர்ந்து உட்காருகிறார்கள்.

கடைசியாக ஒன்பதுக்குத் திரும்பி வந்தேன். அன்றைக்குக் காற்றில்லாமல் அது ஏன் தட்டியது என்பதற்கு என்னிடம் ஒரு விளக்கம் இருக்கிறது. சாயங்காலம் சுவர் குளிரும், சுருங்கும், உள்ளே கம்பி நகரும். நல்ல விளக்கம். பகலில் நான் அதை முழுசாக நம்புகிறேன். யாரு என்று கேட்ட பிறகு அது ஏன் யோசித்துவிட்டுத் தட்டியது என்பதுதான் இடிக்கிறது.

மூன்று முறை தட்டினேன். சூடான பிளாக்கில் காதை வைத்தேன்.

பதில் இல்லை. பதில் வராமல் இருக்கத்தான் அத்தனை கான்கிரீட். இருந்தாலும் காதை எடுக்க மனம் வரவில்லை.

அந்தப் பக்கத்தில் மணல் சரசரத்தது. யாரோ உட்காருகிற சத்தம்.

இந்தத் தடவை ஓடவில்லை. "யாரு?" என்றேன்.

"நான்தான் சார்," என்றார் எல்லம்மா. "ரெண்டு செருப்பும் கீதான்னு பார்த்துக்கோ."